டீசல் லொறியும் பொய்ச் சாட்சியும்

பெரிய வழக்குகள் எப்பொழுதும் பெரிய பொருளைப் பற்றியே எழுவதில்லை. ஒரு சாண் நீள மின்கம்பியும் அரிசிமணியளவான மின்தடையும் ஒரு நாட்டின் நீதித் திணைக்களத்தையும் உழவர் சங்கங்களையும் எஞ்சின் கம்பனிகளையும் வாதத்துக்கு இழுத்துவிடக் கூடும். ஐக்கிய அமெரிக்காவில் டீசல் லொறிகளைப் பற்றி நடைபெற்று வரும் விவாதம் அத்தகையது. லொறி எஞ்சினிலுள்ள உணரியின் கம்பியை அதன் சொந்தக்காரர் தம் விருப்பப்படி மாற்றி அமைக்கலாமா, அமைத்தால் அது குற்றமாகுமா என்பதே அங்கு எழுந்துள்ள வினா.

2026 ஜனவரியில் அந்நாட்டு நீதித் திணைக்களம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. வாகனங்களுக்குள் அமைந்திருக்கும் குறைகாண் கருவிகளைக் குலைத்தார்கள் என்பதற்காக இனித் தூய காற்றுச் சட்டத்தின் கீழ்க் குற்றவியல் வழக்குத் தொடரப்படமாட்டாது என்பதே அதன் சாரம். குடியியல் வழக்கும் தண்டப்பணமும் தொடரும். சிறைவாசம் என்ற அச்சம் மட்டும் நீங்கும். இதனை உழைப்பாளியின் வெற்றி என்று ஒரு சாரார் வரவேற்றனர். காற்றைக் காக்கும் வேலி சாய்ந்தது என்று மற்றொரு சாரார் வருந்தினர். இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. எந்த அளவில் உண்டு என்பதை அறிய வேண்டுமாயின், அந்தச் சிறு கம்பி செய்யும் வேலையிலிருந்தே நாம் தொடங்க வேண்டும்.

கம்பி செய்யும் வேலை

இக்கால டீசல் எஞ்சின் தன் நிலையைத் தானே அறிந்து நடப்பது. உள்ளே புகும் காற்றின் வெப்பம், குளிர்விக்கும் நீரின் வெப்பம், காற்றின் அமுக்கம், வெளியேறும் புகையின் தன்மை ஆகியவற்றை அறிவதற்கு அதன் பல உறுப்புகளில் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. மெக்கானிக்குமார் இவற்றைச் சென்சர் என்பர். இவை தரும் செய்தியைக் கொண்டே எஞ்சினின் கணினி, எவ்வளவு எண்ணெயை எந்தக் கணத்திற் பாய்ச்சுவது என்று தீர்மானிக்கிறது.

இவ்வுணரிகளுள் மிக எளியது வெப்பத்தை அறிவது. அதற்கு இரண்டே கம்பிகள் உண்டு. வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் இயல்புள்ள ஒரு சிறு துண்டு அதனுள்ளே இருக்கிறது. பரவலாக வழங்கும் ஒரு வகையிலே, 20 பாகை செல்சியசில் அதன் தடை ஏறக்குறைய 2500 ஓம். 100 பாகையில் அது 200 ஓமுக்கும் குறைந்துவிடும். கணினி 5 வோல்ற் மின்னழுத்தத்தை ஒரு நிலையான தடையினூடாக உணரிக்கு அனுப்பி, உணரியின் முனையிலே நிற்கும் அழுத்தத்தை அளக்கிறது. அழுத்தம் மிகுந்திருந்தால் குளிர் என்றும் குறைந்திருந்தால் வெப்பம் என்றும் அது பொருள் கொள்ளும். வெளியுலகை அறிய அதற்கு வேறு வழியில்லை.

இனி, ஒரு குறடும் சிறிது ஈயப்பற்றும் கையிலுள்ள ஒருவர், அந்தக் கம்பியை இடையில் வெட்டி ஒரு மின்தடையைத் தொடராக இணைத்துவிடுகிறார் என்று கொள்வோம். உணரியின் தடையோடு இந்தத் தடையும் கூடுகிறது. முனையின் அழுத்தம் உயர்கிறது. வெயிலிற் காய்ந்த காற்றைக் கணினி குளிர்காற்று என்று கருதிவிடுகிறது. குளிர்காற்று செறிவுள்ளது; செறிந்த காற்றில் ஒட்சிசன் மிகுதி. ஆகவே எண்ணெய் பாய்ச்சும் அளவையும் நேரத்தையும் கணினி அதற்கேற்ப மாற்றக்கூடும். இன்னொன்றும் நிகழும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில், கழிவுப் புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குட் செலுத்தும் செயலைக் குறைக்குமாறு பல கணினிகள் அமைக்கப்பட்டுள்ளன. பொய்யான குளிரைக் கண்டும் அவை அவ்வாறே செய்யும். ஓட்டுநருக்கு எஞ்சின் சற்று உற்சாகமாக ஓடுவதாகத் தோன்றும். இதற்கான செலவோ ஒரு கோப்பைத் தேநீரின் விலையிலும் குறைவு.

பழைய எஞ்சின்களில் இத்தந்திரம் எளிதாயிருந்தது. புதியவற்றில் அப்படியன்று. புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளை அளக்கும் உணரி, தன் அளவை இலக்கச் செய்தியாகவே கணினிக்கு அனுப்புகிறது. ஒரு மின்தடையால் அதை ஏமாற்ற இயலாது. ஆகவே அவ்வுணரியின் இடத்திலிருந்து அதன் மொழியிலேயே பேசி, “எல்லாம் நலம்” என்று அறிவிக்கும் சிறு பெட்டிகளைச் செய்து விற்றனர். சிலர் கணினியின் மென்பொருளையே மாற்றி எழுதினர். கருவி மாறிற்று, செய்த காரியம் ஒன்றே.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தல் வேண்டும். லொறியில் ஒருவர் தம் கையாற் கம்பி இழுப்பதெல்லாம் ஏமாற்று ஆகாது. மலைப்பாதையிற் பாரமேற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவர், கழிவுப் புகையின் வெப்பத்தை அறிவதற்குத் தனியாக ஓர் உணரியைப் பொருத்தி, அதன் கம்பியைத் தம் முன்னாலுள்ள ஓர் அளவுமானிக்குக் கொண்டு வருவதுண்டு. வெப்பம் எல்லை கடக்குமுன் வேகத்தைக் குறைத்து எஞ்சினைக் காப்பாற்ற அது உதவுகிறது. இத்தகைய கம்பி, இருக்கின்ற சாட்சிகளோடு இன்னொரு சாட்சியைச் சேர்க்கிறது. முன்னர்ச் சொன்ன மின்தடையோ இருக்கின்ற சாட்சியைப் பொய் சொல்ல வைக்கிறது. இரண்டுக்கும் வேண்டிய கைத்திறன் ஒன்றேயாயினும், இரண்டும் அறத்தால் வேறு.

கண்ணுக்குப் புலனாகாத பகை

பொய் சொல்லப்படுவது ஓர் இயந்திரத்துக்குத்தானே, அதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்போர் உளர். கேடு, லொறி சென்ற பின்னர் அந்த வழியே நடப்பவருக்கு.

காற்றில் ஐந்திலே நான்கு பங்கு நைதரசன். சாதாரண வெப்பத்திலே அது ஒட்சிசனோடு சேராது. டீசல் எஞ்சினின் உள்ளே எழும் கடும் வெப்பத்தில் இரண்டும் கூடி நைதரசன் ஒட்சைட்டுகள் பிறக்கின்றன. 1952 டிசம்பரில் இலண்டன் நகரை ஐந்து நாள் மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் யாவரும் கண்ணாற் கண்டது. அதனால் ஏறக்குறைய 4000 பேர் மாண்டனர் என்று அக்காலத்திற் கணக்கிட்டனர்; பிற்கால ஆய்வாளர் சிலர் 12000 வரை என்பர். நைதரசன் ஒட்சைட்டுகளின் கேடு அவ்வாறு கண்முன் நிற்பதன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மக்கள் 1940களில் கண்ணெரிவும் மூச்சுத்திணறலும் உற்றபோது அதன் காரணத்தை எவரும் அறிந்திலர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-சிமித் என்னும் இரசாயனப் பேராசிரியர் தம் ஆய்வை அந்நகரக் காற்றின்மேற் செலுத்தினார். மோட்டார் வாகனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளியிடும் எண்ணெய் ஆவியும் நைதரசன் ஒட்சைட்டும் சூரிய ஒளியிலே கூடி ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், மூக்கின் முன்னே இருக்கும்போது நஞ்சு.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்திற்று. ஆயினும் வகைப்படுத்தலைவிட ஒரு குழந்தையின் கதை தெளிவாகப் பேசும். இலண்டனின் தென்கிழக்குப் பகுதியில், வாகனம் நெருக்கும் வட்டச் சாலை ஒன்றின் அருகிலே வாழ்ந்தவள் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் சிறுமி. கடும் ஆஸ்துமாவால் மீண்டும் மீண்டும் வைத்தியசாலை சென்ற அவள், 2013 பெப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். தாயார் ஓயாது போராடியதன் பயனாக இரண்டாவது மரண விசாரணை நடைபெற்று, அம்மரணத்துக்கு மாசுற்ற காற்றும் காரணமாயிற்று என்று 2020 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. அவள் சுவாசித்த காற்றிலே நைதரசன் ஈரொட்சைட்டின் அளவு வரையறுக்கப்பட்ட எல்லையைக் கடந்திருந்தது என்பது விசாரணையில் வெளிப்பட்ட உண்மைகளுள் ஒன்று. அந்தச் சாலையில் ஓடிய எந்த வாகனத்தின் மீதும் தனியாகக் குற்றம் சாட்ட முடியாது. இவ்வகைக் கேட்டின் கொடுமையே அதுதான்; செய்தவர் பலர், எவர் முகமும் தெரிவதில்லை.

இக்கேட்டைத் தணிக்க இரண்டு வழிகள் கண்டனர். கழிவுப் புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குட் செலுத்தி எரிவெப்பத்தைத் தாழ்த்துவது முதலாவது. வெளியேறும் புகையின்மேல் யூரியாக் கரைசலைத் தெளிப்பது இரண்டாவது. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவும் மிகுதி தூய நீருமான அக்கரைசல் வெப்பத்தினால் அமோனியாவாகி, ஊக்கியின் துணையோடு நைதரசன் ஒட்சைட்டுகளைத் தாக்கி, அவற்றைத் தீங்கற்ற நைதரசனும் நீராவியுமாக மாற்றிவிடுகிறது. அமெரிக்காவில் 2010இல் கடுமையான அளவுவிதி நடைமுறைக்கு வந்தபின், கனரக லொறிகளில் இம்முறை பொதுவாயிற்று. இது நன்கு நடைபெறுகிறதா என்று கண்காணிக்கவே புதிய உணரிகள் வந்தன.

உழவரின் முறைப்பாடு

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, கம்பியைத் தொட்டவரெல்லாம் கொடியர் என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்போம்.

யூரியாக் கரைசல் தீர்ந்துவிட்டாலோ, அது தீர்ந்ததாக உணரி சொன்னாலோ, லொறியின் வலு படிப்படியாகக் குறையுமாறு எஞ்சின்களை அமைத்திருந்தனர். முடிவில் அது மணிக்கு 5 மைல் வேகத்துக்குமேற் செல்லாது. நடந்து செல்பவரைவிடச் சற்றே விரைவு. கரைசலை ஊற்ற மறந்த சோம்பேறிக்கு இத்தண்டனை தகும். ஆனால், கரைசல் நிறைந்திருக்க உணரி மட்டும் பழுதானால்? அறுவடைக் காலத்தில், மழை அச்சுறுத்தும் வானத்தின் கீழே, அருகிலுள்ள நகரத்துக்கு நெடுந்தூரம் இருக்க, ஒரு சிறு உணரியின் கோளாறினால் உழவு இயந்திரம் நின்றுவிடுகிறது. சொந்தக்காரருக்குக் கைத்திறன் உண்டு. புதிய உணரியை வாங்கிப் பொருத்தவும் தெரியும். ஆயினும் அதனை ஏற்றுக்கொள்ளும்படி கணினிக்குச் சொல்லும் மென்பொருள் கம்பனியின் அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. உண்மையாகத் திருத்துவதற்கு ஒரு கிழமை. பொய்ப் பெட்டியைப் பொருத்துவதற்கு ஒரு மணித்தியாலம். இந்நிலையில் மனிதர் எதைத் தேர்வர்?

இம்முறைப்பாடு கற்பனையன்று. உழவு இயந்திரங்களைத் திருத்தும் கருவிகளைத் தன் முகவர்களுக்கே ஒதுக்கி வைத்தது என்று ஜோன் டியர் கம்பனிமீது சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தது. அதற்கு முன்பே, 2023இல், கொலராடோ மாநிலம் உழவர் தம் இயந்திரங்களைத் தாமே திருத்தும் உரிமையைச் சட்டமாக்கிற்று.

ஒரு நாடு முழுவதுமே இந்தப் பிடியில் அகப்பட்டதும் உண்டு. 2021 ஒக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, அதையே நம்பியிருந்த தென் கொரியாவில் ஏறக்குறைய 20 இலட்சம் டீசல் வாகனங்கள் கரைசலின்றி நின்றுவிடுமோ என்ற கலக்கம் எழுந்தது. எரிபொருள் இருந்தது, எஞ்சின் இருந்தது, ஓட்டுநரும் இருந்தனர். புகையைக் கழுவும் கரைசல் மட்டும் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு அரசு ஆகாயப்படை விமானத்தை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27000 லீற்றர் கரைசலை எடுத்துவர வேண்டியதாயிற்று. காற்றைக் காக்க வைத்த பூட்டு, திறப்பு வெளியூரிலிருந்தால் வீட்டுக்காரரையே வெளியில் நிறுத்திவிடும் என்பதற்கு இது சான்று.

பெரியோர் சொன்ன பொய்

சிறியோரின் மனக்கசப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினிக்குப் பொய் சொல்லும் கலையை அவர்கள் பெரியோரிடமிருந்தே கற்றனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

2015 செப்டெம்பரில் ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் கம்பனியின் செயல் உலகறிய வெளிப்பட்டது. அதன் டீசல் கார்களின் மென்பொருள், தாம் ஆய்வுகூடத்திற் பரிசோதிக்கப்படுகின்றனவா, சாலையில் ஓடுகின்றனவா என்பதை வேறுபடுத்தி அறிந்துகொண்டது. பரிசோதனையில் மட்டும் புகை தூய்மையாக வரும். சாலையில் அது சட்ட எல்லையின் 40 மடங்கு வரை சென்றது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் வாகனங்களில் அம்மென்பொருள் இருந்தது. 2017இல் கம்பனி அமெரிக்க நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டு 280 கோடி டொலர் குற்றவியற் தண்டம் செலுத்தியது. இந்தப் பொய் வெளிப்பட்ட விதம் நமது பொருளுக்கு மிகவும் ஏற்றது. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துச் சிறு குழுவொன்று, எடுத்துச் செல்லத்தக்க அளவுகருவிகளைக் காருக்குள் ஏற்றி, சாலையில் ஓட்டியபடியே புகையை அளந்து, 2014இல் அம்முடிவுகளை வெளியிட்டது. கம்பனியின் சாட்சி ஒருபுறமிருக்க, அவர்கள் தமக்கென இன்னொரு சாட்சியைச் சேர்த்தார்கள். அதனாலேயே உண்மை வெளிவந்தது.

வெப்ப உணரியைக்கொண்டே விளையாடியதும் உண்டு. வெளிக்காற்று 15 பாகைக்கும் 33 பாகைக்கும் இடைப்பட்டிருந்தாலன்றிப் புகையைத் திருப்பிச் செலுத்துவதைக் குறைக்குமாறு சில கார்களின் மென்பொருளை அமைத்திருந்தனர். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி 15 பாகைக்குக் கீழே இருப்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அத்தகைய அமைப்பு விலக்கப்பட்ட ஏமாற்றுக் கருவியே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2022 ஜூலையிலே தீர்ப்பளித்தது. சிறிய கராஜ் ஒன்றில் மின்தடையால் விளைவிப்பதையே இக்கம்பனிகள் எழுத்துக்களால் விளைவித்தன.

அமெரிக்காவின் கமின்ஸ் எஞ்சின் கம்பனியின் கதையும் சமீபத்தியதே. 2013 முதல் 2019 வரை வெளிவந்த ஏறக்குறைய 630000 பிக்-அப் வாகனங்களின் எஞ்சின்களில் ஏமாற்றுக் கருவிகள் இருந்தன என்ற குற்றச்சாட்டின்மேல், 167.5 கோடி டொலர் தண்டம் செலுத்த அது 2023 டிசம்பரில் உடன்பட்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட குடியியற் தண்டங்களுள் அதுவே பெரியது. தான் தவறிழைத்ததாகக் கம்பனி ஒப்புக்கொள்ளவில்லை. எவரும் சிறை செல்லவுமில்லை.

இதன் அருகே வேறொரு வழக்கை வைத்துப் பார்ப்போம். நூற்றுக்கணக்கான லொறிகளின் குறைகாண் கருவிகளைச் செயலிழக்கச் செய்தார் என்பதற்காக ஒரு டீசல் மெக்கானிக்குக்கு 2024 டிசம்பரில் ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டது. 2025 நவம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் அவருக்கு மன்னிப்பளித்தார். அதன் தொடர்ச்சியாகவே 2026 ஜனவரி அறிவித்தலும் வந்தது. கம்பனி பணத்தைக் கட்டிவிட்டுப் போக, மெக்கானிக் மட்டும் சிறைக்குச் செல்வதா என்ற கேள்வி பலர் உள்ளத்தைத் தொட்டதில் வியப்பில்லை.

நூறாயிரம் சிறு துளிகள்

ஆயினும் அனுதாபம் வேறு, கணக்கு வேறு. முன்னைய பத்தாண்டுக் காலத்தில் அமெரிக்காவில் 550000க்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப் வாகனங்களிலிருந்து புகையைத் தூய்மையாக்கும் கருவிகள் அகற்றப்பட்டன அல்லது செயலிழக்கச் செய்யப்பட்டன என்று சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020 நவம்பரில் மதிப்பிட்டது. அவ்வாகனங்கள் தம் ஆயுட்காலத்தில் மேலதிகமாக வெளியிடும் நைதரசன் ஒட்சைட்டு 570000 தொன்னுக்கு மேல் என்றும், அது ஒழுங்கான 90 இலட்சம் வாகனங்களைப் புதிதாகச் சாலையில் விட்டதற்கு ஒப்பாகும் என்றும் அம்மதிப்பீடு கூறிற்று. ஒவ்வொருவரும் “என் ஒரு லொறியால் என்ன வந்துவிடும்?” என்றே எண்ணியிருப்பர். அவ்வெண்ணங்களின் கூட்டுத்தொகையே இது. இவர்களெல்லாம் அறுவடைக் காலத்தில் வழியின்றி நின்ற உழவர்களும் அல்லர். வலு மிகுதிக்காகவும், கரைசலின் செலவை மிச்சம்பிடிப்பதற்காகவும், கரும்புகை கக்கிச் செல்லும் விளையாட்டுக்காகவும் செய்தவர் பலர்.

சொந்தச் சொத்தை என் விருப்பம்போல் ஆள்வேன் என்ற வாதமும் இங்கு நில்லாது. லொறி சொந்தக்காரருடையது, எஞ்சின் அவருடையது, உணரியும் அவருடையதே. அதிலிருந்து வெளிவரும் புகை மட்டும், வெளிவந்த கணத்திலிருந்து, அவருடையதன்று. அது பிறர் சுவாசத்திற் கலக்கிறது. வியாபாரியின் தராசு அவர் சொத்தேயாயினும், அதன் தட்டின் அடியிலே மெழுகு ஒட்டும் உரிமை அவருக்கு இல்லை; வாங்குபவரின் நியாயமும் அத்தராசிலே தங்கியிருப்பதே காரணம். உணரியும் அத்தகைய தராசு. அமெரிக்கச் சட்டம் 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இத்தடையைத் தனிமனிதருக்கும் விரித்தமைக்கு இதுவே நியாயம்.

ஆகவே தீர்வு எங்கே இருக்கிறது? பொய்யை மன்னிப்பதில் இல்லை. உண்மையை எளிதாக்குவதில் இருக்கிறது. இந்த நோக்கிலே, அண்மைக் காலத்தில் அமெரிக்க அரசு எடுத்த நடவடிக்கைகளை ஒரே கூடையிற் போட்டுப் புகழ்தலும் இகழ்தலும் கூடாது. 2025 ஆகஸ்டில் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் தலைவர் லீ செல்டின், கரைசல் குறைந்தவுடன் லொறியை நடுவழியில் நிறுத்தும் மென்பொருளைத் திருத்துமாறு கம்பனிகளைக் கேட்டுக்கொண்டார். 2027ஆம் ஆண்டு மாதிரி முதல் புதிய டீசல் லொறிகள் திடீரென வலுவிழந்து நில்லாதவாறு அமைக்கப்படவேண்டும் என்றும் அறிவித்தார். 2026 பெப்ரவரியில் அதே முகவரகம், உழவர் தம் பொறிகளைத் திருத்துவதற்குத் தூய காற்றுச் சட்டம் தடையன்று என்று தெளிவுபடுத்தியது. திருத்த வேலைக்காகக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, பின்னர் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவரலாம் என்பது அதன் கருத்து. இவ்விரண்டும் நேர்மையான மனிதருக்கு நேர்மையாக இருக்க வழி செய்பவை, வரவேற்கத் தக்கவை.

குற்றவியல் வழக்கே இனி இல்லை என்ற ஜனவரி அறிவித்தல் அத்தகையதன்று. வழிதெரியாது நின்ற உழவரையும், ஆயிரக்கணக்கிற் பொய்ப் பெட்டிகளை விற்றுப் பொருளீட்டிய வியாபாரியையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை. சிறை என்ற தண்டனை சிறியோருக்கு மட்டும் கிடைத்தது அநீதியென்றால், அதற்குப் பரிகாரம் பெரியோருக்கும் அதை விரிப்பதே. அநீதியைச் சமப்படுத்துவதற்காகக் காவலையே நீக்கினால், நட்டம் அடைவோர் வழக்கில் எந்தப் பக்கமும் நில்லாத மக்கள். பெருஞ்சாலை ஓரங்களில் வாடகை குறைந்த வீடுகளில் வாழ்பவர்.

மூன்று நெறிகள் இவ்விடயத்திற் போதுமானவை என்று தோன்றுகிறது. உணரியைச் சேர்ப்பதும், பழுதான உணரியை மாற்றுவதும் எந்தச் சொந்தக்காரருக்கும் உரிமையாதல் வேண்டும். அதற்குரிய மென்பொருளும் விளக்க நூலும் நியாய விலையிற் கிடைக்க வேண்டும். உணரியைப் பொய் சொல்ல வைப்பது, கம்பியால் ஆயினும் மென்பொருளால் ஆயினும், குற்றமாகவே இருத்தல் வேண்டும். அக்குற்றத்துக்குத் தண்டனை விதிக்கும்போது, செய்தவரின் வறுமையையும் வசதியையும் அல்ல, அவர் பொய்யினால் மாசுற்ற காற்றின் அளவையே கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் முதலில் நிற்பவர் கம்பனித் தலைவர்களும் பெட்டி வியாபாரிகளும். கடைசியில் நிற்பவர் உழவர்.

நமது நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இலங்கையில் 2008 முதல் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறது. அதன் சான்றிதழின்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற இயலாது. டீசல் வாகனத்துக்கு அப்பரிசோதனை அளப்பது புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதையே. கரும்புகை அதில் அகப்படும். கண்ணுக்குப் புலனாகாத நைதரசன் ஒட்சைட்டுகள் அகப்படா. வெளிநாடுகளிலிருந்து வரும் வாகனங்களில் யூரியாக் கரைசலும் புதிய உணரிகளும் பெருகப் பெருக, அமெரிக்காவில் எழுந்த வினாக்கள் நமது கராஜ்களிலும் எழுதல் இயல்பே. உணரிக்கும் உதிரிப்பாகத்துக்கும் கையிலே பணமின்றி, அந்நியச் செலாவணி வறண்டிருந்த 2022ஆம் ஆண்டை நினைப்போர், பழுதான உணரியை நேர்மையாக மாற்ற வழியில்லாதபோது மனிதர் எந்த வழியை நாடுவர் என்பதை எளிதில் ஊகிப்பர். ஆகவே, திருத்தும் உரிமையையும் அளக்கும் கடமையையும் ஒருங்கே பேணும் விதிகளை இப்போதே சிந்தித்தல் நன்று.

பள்ளி மாணவர் ஒருவர் விஞ்ஞான ஆய்வுகூடத்திலே ஒரு வெப்பத்தடையையும் ஒரு வோல்ற்றுமானியையும் இணைத்து, சுடுநீரில் அதை அமிழ்த்தி, எண் மாறுவதைக் காண்பதற்கு அதிக செலவு ஆகாது. அந்த எண்ணை ஏமாற்றுவதற்கும் செலவு அதிகமில்லை என்பதை ஆசிரியர் அதே பாடத்திற் காட்டலாம். அளவுகருவி எவ்வளவு எளிதாகப் பொய் சொல்லும் என்பதை அறிந்த தலைமுறையே, அது உண்மை சொல்லவேண்டும் என்று வற்புறுத்தும் தலைமுறையாகவும் விளங்கும்.